எல்லா வண்டியும் வலப்பக்கம் இழுத்தது

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவளுடைய மோட்டார் சைக்கிளுக்கு நூல் பிடித்துப் பார்த்தது. பின் சக்கரத்தின் இரு பக்கமும் நூலை ஒட்டி முன்னால் இழுத்தால், முன் சக்கரம் இரண்டு நூலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நின்றால் வண்டி நேர். நான் பின்னால் குந்தியிருந்தேன். முனைகள் அம்மாவின் கையில்.

"ஒரு பக்கம் டயர் நூலை இடிக்குது. மறுபக்கம் என் கட்டைவிரலே போகுது," என்றாள், சர்க்கஸ் பார்க்கிற குரலில்.

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய், நடமாட முடியாதவர்களிடம் ரத்தம் எடுத்து வருவாள். போகிற வீட்டிலெல்லாம் அவள் ஊசியக்கா. நரம்பு தேடும்போது எதையாவது கேட்பாள்: இந்தக் கடிகாரம் ஏன் தலைகீழா மாட்டியிருக்கு, உங்க பூனைக்கு ஏன் ஒத்தைக் காது. நோயாளியை வலி மறக்க வைக்கும் தந்திரம் என்று கூடத்தில் நினைத்தார்கள். தந்திரமெல்லாம் இல்லை. ஊசியை எடுத்த பிறகும் பதிலுக்காக நிற்பாள்.

அப்படி ஒரு வீட்டுக்குள் இருந்தபோதுதான், ரிவர்ஸ் எடுத்த லாரி வாசலில் நின்ற வண்டியைச் சுவரோடு வைத்து நசுக்கியது. சரிசெய்யும் செலவு வண்டியின் மதிப்பைத் தாண்டுகிறது, வண்டியை எடுத்துக்கொண்டு பணம் தருகிறோம் என்றது இன்சூரன்ஸ் கம்பெனி. சர்வேயர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பணம் முழுசாக வந்தால்தான் அடுத்த வண்டி. வண்டி இல்லாவிட்டால் அம்மா கூடத்துக்குள்ளேயே உட்கார்ந்து குப்பிகளுக்கு லேபிள் ஒட்ட வேண்டும். அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

ஆனால் அவள் கேட்டது வேறு. "ஸ்டார்ட் ஆகுதுடி. ஓடுது. அப்புறம் எப்படிச் செத்துப்போச்சுங்கறாங்க?" அதற்குத்தான் நூல்.

பாலங்களிலும் கொதிகலன்களிலும் வெல்டிங்கைச் சோதிப்பது என் வேலை. டேங்கைக் கழற்றி, ஹேண்டில் பொருந்துகிற ஃபிரேமின் கழுத்தைத் துடைத்தேன். வெல்டிங் ஓரமாக ஒரு விரிசல். பாதி பளபளப்பு, பாதி பழுப்பு. பளபளப்பு லாரியின் வேலை. பழுப்பு துரு, பல வருஷப் பழசு.

அம்மா டார்ச்சைப் பிடுங்கிப் பார்த்தாள். "அப்போ செகண்ட் ஹேண்டா வாங்கினப்பவே இது கோணலா?"

"இருக்கலாம்."

"அதான் மத்தவங்க வண்டியெல்லாம் வலப்பக்கம் இழுத்திருக்கு."

யாரிடம் வண்டி இரவல் வாங்கினாலும் அம்மா இந்தக் குறையோடுதான் திருப்பித் தருவாள். அவள் பேச்சைக் கேட்டு மாமா தன் வண்டியை இரண்டு தடவை மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறார். உண்மையில் இடப்பக்கம் இழுத்தது அவள் வண்டி. அதை வலப்பக்கம் திருப்பிப் பிடித்தே கை பழகிவிட்டது. நேரான வண்டியிலும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

உடனே மாமாவுக்கு போன். "அண்ணா, உன் வண்டி நல்ல வண்டிதான்."

"இப்போ சொல்லு. அந்த மெக்கானிக் என்னைப் பார்த்தாலே கடையைச் சாத்தறான்."

நான் ஒன்றுதான் சொன்னேன். "சர்வேயர்கிட்ட விரிசலைக் காட்டாதம்மா. பழைய பழுதுன்னு பணத்தைக் குறைப்பாங்க."

"நான் ஏன் காட்டப்போறேன்?"

சர்வேயர் வந்தார். பருத்த, களைத்த மனிதர். சுற்றிவந்து போட்டோ எடுத்தார், பேனாவைத் திறந்தார்.

"சார், இங்க வாங்க. ஒண்ணு காட்டறேன்," என்றாள் அம்மா.

நான் சுவரைப் பார்த்தேன்.

அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இதை யாராவது எனக்குக் காட்டுவாங்களாம்மா?"

"எதனால வந்துச்சுன்னு இவளுக்குச் சொல்லத் தெரியலை. நீங்க எத்தனை வண்டி பார்த்திருப்பீங்க."

அவர் கைக்குட்டையை விரித்துத் தரையில் மல்லாந்தார். அம்மாவும் படுத்தாள். வண்டிக்கு வெளியே நான்கு கால்கள்.

"அடிப்பக்கம்தான் ஆரம்பிச்சிருக்கு. எங்கேர்ந்தோ குதிச்சு இறங்கியிருக்கு."

"பள்ளத்துலயா?"

"பள்ளம் போதாது. பறந்திருக்கணும்."

"பறந்தாரா? இதைக் கணக்கு வாத்தியார்கிட்ட வாங்கினேன் சார். ஹாரன் அடிக்கவே கூச்சப்படற மனுஷர்."

"கேட்டா எனக்கும் சொல்லுங்க," என்றார். பிறகு எழுந்து தூசி தட்டி, விரிசலில் புதுசு எது, பழசு எது என்று இரண்டையும் எழுதினார். வேறு வழியில்லை அவருக்கு.

அந்த வாரம் அம்மா மாமா வண்டியில் போய்வந்தாள். வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் ரத்தம் எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த வீட்டுப் பெரியவர் பஞ்சை விடவில்லையாம்.

கம்பெனி பணத்தைக் குறைத்துத்தான் அனுப்பியது. அடுத்த வண்டிக்குப் போதாது. துக்கம் கேட்க வந்த சர்வேயர் கிளம்பும்போது தயங்கி நின்றார்.

"வாத்தியாரைப் பார்த்தாங்களா?"

இல்லை. ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தபால் நிலையத்துக்கு எதிர்வீடு. என்னை வரவேண்டாம் என்றிருந்தாள். நான் வந்தால் மனுஷர் வாய் திறக்க மாட்டாராம். எங்கிருந்து குதித்தார், எதற்காகக் குதித்தார் என்பதைத் தனியாகத்தான் கேட்க வேண்டுமாம்.