காலிப் பெட்டியின் விதவை

1970இல் வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்குப் போன தோணி புயலில் கவிழ்ந்தது. நீந்திக் கரை சேர்ந்தவன் ரோச் ஒருவன்தான். மரியசெல்வியின் கணவன் அம்புரோஸைக் கடல் திருப்பித் தரவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்கிற வழக்கப்படி, கோயிலில் காலிப் பெட்டியை வைத்துக் கறுப்புத் துணி போர்த்தி, இறந்தோர் பூசை வைத்தார்கள். அன்று மரியசெல்வியின் தாலி இறங்கியது. அவளுக்கு வயது இருபத்து மூன்று.

அம்புரோஸின் தாய் ஹில்டா பூசைக்கு வரவில்லை.

"பெட்டிக்குள்ள ஆளில்ல. நான் யாருக்கு அழ?" என்றாள்.

மாமியும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மரியசெல்வி உப்பளத்துக்குப் போனாள். ஹில்டா தினமும் மகனுக்கும் சேர்த்து உலை வைத்தாள்.

நான்கு வருடம் கழித்து ரோச் பெண் கேட்டான். மரியசெல்வி மறுக்கவில்லை. பங்குச்சாமியார்தான் மறுத்தார். பூசை ஆன்மாவின் இளைப்பாற்றிக்கு. அது சாவுக்குச் சான்றாகாது. முதல் கணவன் இறந்தது உறுதியாகாமல் அவளுக்கு மறுமணம் இல்லை என்றார். ஊரே அவளை விதவை என்றது. சட்டம் மட்டும் சொல்லவில்லை.

இருவரும் வக்கீல் காசிலிங்கத்திடம் போனார்கள்.

"அவன் முங்குனத நான் கண்ணால பாத்தேன் அண்ணாச்சி," என்றான் ரோச்.

"ஏலே, செத்துட்டான்னும் நீயே சொல்லுத, அவன் பொண்டாட்டியயும் நீயே கெட்டுத. எந்த நீதிபதி நம்புவாரு?"

வழி ஒன்று இருந்தது. ஒருவன் உயிரோடிருந்தால் யாருக்குத் தகவல் வந்திருக்குமோ, அவர்களுக்கு ஏழு வருடம் எந்தத் தகவலும் வராவிட்டால், இறந்தவனாகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. காத்திருக்க வேண்டும். காத்திருந்த பிறகு தாயே வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

மரியசெல்வி காத்திருந்தாள். 1978இல் வழக்கு விசாரணைக்கு வந்தது.

"வா, மாமி. கடுதாசி வரலன்னு மட்டும் சொல்லு."

"எம்புள்ளய என் வாயால சாகடிக்கச் சொல்லுதியா ஏளா? வாரேன். அவன் இருக்கான்னு சொல்லத்தான் வாரேன்."

சொன்னபடியே கூண்டில் ஏறியதும் அதைத்தான் சொன்னாள். மரியசெல்வி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

நீதிபதி நிதானமாகக் கேட்டார்: "இருக்கலாம் அம்மா. கொழும்பில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு, உங்களை மறந்து, ஒரு வரி எழுதாமல் இருக்கலாம் இல்லையா?"

ஹில்டாவின் முகம் சிவந்தது.

"யாரப் பாத்து என்ன பேசுதீக? ஆத்தாள மறக்குத பயலா எம்மவன்? உசுரோட இருந்தா எனக்கு ஒரு கடுதாசி போடாம இருப்பானா?"

எழுத்தர் எழுதிக்கொண்டிருந்தார். தான் சொன்னது ஹில்டாவின் காதில் அப்போதுதான் விழுந்தது போலிருந்தது. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"போடாம இருப்பானா..." என்றாள் மறுபடி, மெல்ல. எட்டு வருடத்தில் அவள் அழுததை மரியசெல்வி பார்த்தது அன்றுதான்.

தீர்ப்பு வந்த பின் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். "அம்புரோஸின் விதவை மரியசெல்வி" என்று சாமியார் படித்து, தடை தெரிந்தவர்கள் அறிவிக்கும்படி கேட்டார். பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலைகளும் முன்வரிசையிலிருந்த ஹில்டாவிடம் திரும்பின.

ஹில்டா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இங்கன என்னளா பாக்கீக? பூசையப் பாருங்க."