பட்டையை மாட்டுவதா, விடுவதா?

தையல் கூடத்தில் அவளை ‘ரெட்டைத் தையல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சிப்பாய்களின் இரும்புத் தொப்பிக்குத் தாடைப் பட்டை தைக்கிற வேலை. கொக்கி சேரும் இடத்தில் மற்ற பெண்கள் ஒரு வரிசை தைத்தால் இவள் இரண்டு வரிசை தைப்பாள். “நூல் என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?” என்று மேஸ்திரி கத்துவார். “பிஞ்சு போச்சுன்னா உங்க தலையா போகப்போகுது?” என்று இவளும் விடமாட்டாள். வாய் அப்படி!

புருஷன் படைக்குக் கிளம்பியபோதும் அதே வாய்தான். பட்டையை எப்போதும் இறுக்கி மாட்டிக்கொள்வேன் என்று சத்தியம் வாங்கிய பிறகே ரயில் ஏற விட்டாள். மழை நாளில் குடையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாலே காதில் வாங்காத மனுஷன். சில மாதங்களில் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

முதலில் தேடி வந்து சொன்னவர் புருஷனின் படைப்பிரிவில் சமையல்காரர். அங்கே யாருமே பட்டையை மாட்டுவதில்லையாம்; தொப்பிக்குப் பின்னால் வளைத்துவிட்டுக்கொள்வார்களாம். பக்கத்தில் குண்டு வெடித்தால் அந்த வேகம் தொப்பியோடு கழுத்தையும் இழுத்து முறித்துவிடும் என்று பயம். “அவரு மட்டும் மாட்டியிருப்பாரு தங்கச்சி. கிண்டல் பண்ணா, வீட்டுக்காரிக்கு வாக்கு குடுத்திருக்கேன்யான்னு சொல்வாரு. உசிரு போனப்ப உடம்புல ஒரு கீறல் இல்ல. கழுத்துதான்...”

ஐயோ, அப்படியானால் அவரைக் கொன்றது நான்தானா?

அடுத்த வாரமே கூடத்துக்குச் சரக்கு ஏற்ற வந்த லாரி டிரைவர் வேறு கதை சொன்னார். அவரும் அதே படைப்பிரிவுதான். “எவன் சொன்னான்? அன்னிக்கு எல்லாரையும் மாதிரி அவரும் பட்டையைப் பின்னாடிதான் விட்டிருந்தாரு. ஓடறப்ப தொப்பி கழண்டு உருண்டுச்சு. எடுக்கக் குனிஞ்சாரு, குண்டு பட்டுச்சு. என் கண்ணால பார்த்தேம்மா.”

கடைசிவரைக்கும் பேச்சைக் கேட்கவில்லையா, பாவி! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியிலேயே அப்பாடா என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்துக் கூசிப்போனாள். இரண்டு பேருமே அடித்துச் சொல்கிறார்கள். பொய் சொல்லி இருவருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. எதை நம்புவது? ஒரு நாள் ஒற்றைத் தையல் போட்டாள். மறுநாள் மூன்று போட்டாள். மேஸ்திரிகூடக் கத்தவில்லை. “உடம்பு சரியில்லையாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

இந்தக் குழப்பம் தீராமலேயே அவள் தம்பிக்கும் படையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. பயிற்சியை முடித்துவிட்டுப் போர்முனைக்குப் போகிற அன்று, ஸ்டேஷனில் இரும்புத் தொப்பியோடு அவள் எதிரே வந்து நின்றான். பட்டை அவிழ்ந்து இரண்டு பக்கமும் தொங்கியது.

“சார்ஜெண்ட் மாட்டுங்கறாரு, பசங்க மாட்டாதேங்கறானுங்க. தினமும் இதையே தைக்கறவ நீ. நீ சொல்லுக்கா, அப்படியே செய்யறேன்.”

பட்டையின் இரு முனைகளையும் பிடித்து அவன் தாடைக்குக் கீழே கொண்டுவந்தாள். கொக்கியில் நுழைத்தாள். இழுத்தாள். உடனே பதறிப்போய்க் கழற்றினாள். விரல்கள் மறுபடியும் கொக்கியைத் தேடின. ரயில் ஊதியது.

“மாட்டிக்கோ, இல்ல மாட்டாம போ. உனக்கு எது தோணுதோ அதைச் செய் கண்ணு,” என்றாள். பட்டையை விட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். “நான் சொன்னேன்னு மட்டும் எதையும் செஞ்சிடாதடா.”

தம்பி திருதிருவென்று விழித்தான். அக்கா இப்படிக் கெஞ்சி அவன் பார்த்ததே இல்லை.