பீரோ கண்ணாடியில் ஒரு இயக்குநர்

என் கணவர் நாடக இயக்குநர். கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டே, மாதா கோயில் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அம்பத்தூர் பக்கம் இருபது வருஷமாக நாடகம் போட்டவர். எல்லோருடைய வசனமும் அவருக்கு மனப்பாடம். பக்கத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, மேடையில் யார் பேசினாலும் கூடவே சத்தமில்லாமல் வாயசைப்பார். வசனம் மறந்தவர்கள் அவர் வாயைப் பார்த்துத் தப்பித்துக்கொள்வார்கள். வீட்டிலும் இதே வியாதிதான். பக்கத்து ஃப்ளாட் அம்மாவிடம் நான் ஊர்க்கதை பேசினால்கூட அவர் உதடு ஓடும். அடுத்து நான் என்ன சொல்வேன் என்பதில் மனுஷனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நாடகத்தில் அவருக்கு ஒரே சட்டம். திரைக்குப் பின்னால் நிற்பவனின் நகம்கூட வெளியே தெரியக் கூடாது. ஒருமுறை வேடிக்கை பார்க்க வந்து நின்ற பங்குச் சாமியாரின் செருப்பு நுனி தெரிந்துவிட்டது. ஈஸ்டர் வரைக்கும் சாமியாரிடம் இவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படிப்பட்டவர் போன வருஷம் வேலையை விட்டுவிட்டு ஒரு சினிமா எடுத்தார். இது ஓடினால் அடுத்த படம், இல்லையென்றால் பழைய கம்பெனியே கதி. மேனாம்பேட்டில் எங்கள் வீட்டிலேயே ஷூட்டிங். அக்கா வேடம் கட்ட வேண்டிய பெண், சீரியலில் கூப்பிட்டுவிட்டார்கள் என்று காலையில் போன் பண்ணிவிட்டாள். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அவர் கண் என் மேல் விழுந்தது.

ஊரை விட்டுப் போகும் தம்பிக்குப் பெட்டி கட்டிக்கொண்டே நாலு வரி பேச வேண்டும். கேமராவைப் பார்த்ததும் நாலு வரியும் போயே போய்விட்டது. உடனே இவர் தம்பியாக நடித்தவரின் தோளுக்குப் பின்னால் வந்து நின்று வாயசைத்தார். அவரையே பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அவர் வெளியே போய் நின்றுகொண்டு இன்னொரு டேக்கும் எடுத்தார். அதற்குள் எனக்கு வசனம் வந்துவிட்டது.

பூந்தமல்லியில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சி கிடைத்தது. நாங்கள் இருவரும் நடுவரிசையில் உட்கார்ந்திருந்தோம். என் காட்சி வந்தது. என் முதுகுக்குப் பின்னால் எங்கள் கல்யாண பீரோ. அதன் கண்ணாடியில் கட்டம் போட்ட சட்டையோடு, முழுசாக, என் கணவர் வாயசைத்துக்கொண்டிருந்தார்.

"மாமே, கண்ணாடில எவனோ நின்னுகினு கீறான் பாரு!"

"இன்னாடா, பேய்ப் படமா இது?"

தியேட்டரே சிரித்தது. எனக்கு அவர் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

திரும்பி வரும்போது வேலப்பன்சாவடி சிக்னலில் பஸ் நின்றது. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நானே கிண்டலை ஆரம்பித்தேன்.

"சாமியார் செருப்புக்கு ஈஸ்டர் வரைக்கும். உங்க கூட நீங்க எது வரைக்கும் பேசக் கூடாது?"

"நான் கண்ணாடில கீறது எடிட்டிங்லயே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சேவா உட்டீங்க? ரெண்டாவது டேக் இருந்துச்சே?"

"அதுல கண்ணாடி சுத்தமா கீது. வசனமும் சுத்தம். ஆனா நீ இஸ்கோல் புள்ளையாட்டம் ஒப்பிச்சுட்டுப் போற. மொதல் டேக்ல, போறவனை உட மனசே இல்லாம பாக்குற. அத்த எப்பிடிம்மா வெட்டுறது?"



படம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. திங்கட்கிழமை முதல் வருகிறேன் என்று பழைய கம்பெனிக்குப் போன் பண்ணிச் சொன்னார். கடைசி நாள் காட்சிக்கு அவரிடம் சொல்லாமல் நான் மட்டும் போனேன். பத்துப் பேர் இருந்தார்கள். அதே இடத்தில் சிரித்தார்கள். முதல் நாள் நான் கண்ணாடியை மட்டும்தான் பார்த்திருந்தேன். இன்று என் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், இந்த மனுஷனை நான் இப்படிப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர்கள் சிரித்து முடிக்கும் வரை நான் அழுதுகொண்டிருந்தேன்.