தலைமறைவாக இருந்த மெக்கானிக்

படகு எஞ்சின் மெக்கானிக்கைத் தெருவில் எல்லாரும் "ஊமை மெக்கானிக்" என்றுதான் சொல்வார்கள். ஊமை இல்லை, பேச்சுக் குறைவு, அவ்வளவுதான். அந்தக் குறையை ஈடுகட்டுவதற்கென்றே ஆண்டவன் அவர் மனைவியைப் படைத்திருந்தான். ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பது அவள் வேலை. கால் மிஷினை மிதிக்கும், கை துணியைத் தள்ளும், வாய் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவளே வாயடைத்து நின்றது, புருஷனை இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டு போன அன்றைக்குத்தான்.

முதல் தடவை பிடித்ததற்காவது ஒரு காரணம் இருந்தது. யாரோ ஒருவன் புதுப் படகு கொண்டுவந்தான். எஞ்சினை உட்கார வைக்கும் மேடைக்கு அடியில் வெற்றிடம் விடச் சொன்னான். இவரும் விட்டுக் கொடுத்தார். பிறகு அந்தப் படகு கடலில் பிடிபட்டபோது, வெற்றிடம் நிறையத் தங்கக்கட்டி இருந்தது. படகுக்காரன் கம்பி நீட்டிவிட்டான், கையில் கரி ஒட்டியவர் அகப்பட்டுக்கொண்டார். கேஸ் போட்டார்கள். சில வாரத்தில் ஜாமீன் கிடைத்தது. அவரும் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, மறுநாள் காலையிலேயே பட்டறைக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் நெருங்கும் சமயத்தில், மத்தியானச் சாப்பாட்டில் கை வைத்த வேளையில் வந்து அழைத்துப் போனார்கள். இந்தத் தடவை புதிதாக எந்தக் குற்றமும் இல்லை. இனிமேல் கடத்தலுக்கு உதவி செய்துவிடுவார் என்பதால், செய்யாமலிருக்க முன்கூட்டியே உள்ளே வைக்கிறார்களாம். தடுப்புக் காவல் என்று அதற்குப் பெயர். ஜாமீன் கிடையாது, விசாரணை கிடையாது, ஒரு வருஷம் வரைக்கும் வைத்திருக்கலாம். நடந்த குற்றத்துக்குத் தண்டனை தெரியும். நடக்காத குற்றத்துக்கு எந்தச் சாமியிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்று அவளுக்கு விளங்கவில்லை.

தெரு சும்மா இருக்குமா? நெருப்பில்லாமல் புகையுமா என்றார்கள். உறை தைக்கிற வீட்டில் தங்கம் எந்த உறைக்குள் இருக்கிறதோ என்று ஒருத்தி கேட்டாள். "வந்து அவிழ்த்துப் பாரு, அழுக்குதான் வரும், துவைச்சுக் குடுத்துட்டுப் போ" என்று பதில் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் வந்து அழுதாள்.

யாரோ சொல்லி ஒரு பெண் வக்கீலைப் போய்ப் பார்த்தாள். மாடிப்படிக்கு அடியில் சின்ன அறை. மின்விசிறி ஓடினால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் வேர்க்கும். வக்கீல் காவல் உத்தரவை இரண்டு தரம் படித்தார். உத்தரவு போட்டது, ஜாமீனில் வந்த அதே மாதத்தில். பிடித்ததோ இப்போது. நடுவில் அது எந்த ஆபீஸ் அலமாரியில் தூங்கியதோ. இவர் வெளியே இருந்தால் ஆபத்து என்று சொல்கிறவர்கள், இத்தனை மாதம் வெளியே விட்டுவைத்தது ஏன் என்று நீதிபதிகளிடம் கேட்கலாம், ஆட்கொணர்வு மனு போடலாம் என்று வக்கீல் விளக்கினார். ஆனால் சுங்க இலாகா ஒரு பதில் வைத்திருக்கும். ஆள் தலைமறைவு, தேடினோம், கிடைக்கவில்லை என்று சொல்வார்கள்.

அத்தனை கவலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தலை மறைஞ்சுதான் இருந்துச்சு மேடம், எஞ்சினுக்குள்ள. கால் ரெண்டும் வெளியதான் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. தெருவுல போறவங்க தாண்டித்தான் போவாங்க."

வக்கீலும் சிரித்தார். பிறகு, பட்டறை ஆட்களும் பக்கத்து வீட்டாரும் சொன்னால் வேண்டியவர்கள் என்று தள்ளிவிடுவார்கள், இலாகா ஆள் யாராவது அந்த மாதங்களில் அவரைப் பார்த்ததுண்டா என்று கேட்டார்.

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

பார்த்த ஆள் இருந்தார். சுங்க இலாகாவின் ரோந்துப் படகை ஓட்டுகிற டிரைவர். படகு மக்கர் பண்ணினால் மேலே எழுதிப் போட வேண்டும். உத்தரவு வருவதற்குள் எஞ்சின் துருப்பிடித்துப்போகும். அதுவரை படகு ஓடவில்லை என்றால் டிரைவருக்குத்தான் திட்டு. அதனால் அவர், அந்த எஞ்சினை யாருக்கும் தெரியாமல் இவரிடம் கொண்டுவருவார். ஜாமீனில் வந்த பிறகும் கொண்டுவந்தார். கடத்தல்காரரைப் பிடிக்கப் போகிற படகு, கடத்தல் கேஸில் இருக்கிறவர் கையால்தான் ஓடிக்கொண்டிருந்தது. இலாகா தேடியதாகச் சொல்கிற ஆள், இலாகாவின் எஞ்சினுக்குள்தான் தலையை விட்டிருந்தார்.

அந்த வாரம் சிறைக்குப் போனபோது, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள். சொல்லட்டுமா?

அவர் சொன்னார்: "நான் ஒரு வருஷத்துல வந்துடுவேன். அவனுக்குப் போன வேலை வராது. நம்பி கொண்டுவந்தான், விடு."

"உங்க நாயத்த நீங்க வச்சுக்குங்க. ராத்திரி பிள்ளைங்க அப்பா எங்கன்னு கேட்டா, நாயம் வந்து தூங்க வைக்குமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

வழியெல்லாம் கோபம். வக்கீலிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிரைவரைக் கூண்டில் ஏற்றிவிடலாம். ஆனால் புருஷன் வேண்டாம் என்றதை மீறவும் மனம் வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. டிரைவர் வீட்டுக்கே போனாள். அவர் கதவைப் பாதி திறந்தபடி நின்றார், உள்ளே வரச் சொல்லவில்லை.

"உங்கள மாட்டிவிட வரல அண்ணே. எங்க வீட்டுக்காரரு எங்கயும் ஓடலன்னு உங்களுக்குத் தெரியும். அதை மட்டும் மறந்துடாதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அன்றிலிருந்து அவள் சாமி கும்பிடும்போது, தன் வீட்டுக்காக வேண்டிய பிறகு அந்த வீட்டுக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள். முதலில் அது வாயளவில்தான் வந்தது, போகப்போகத்தான் மனசும் கூடச் சேர்ந்தது.

மனு விசாரணைக்கு வந்தது. வக்கீல் சொன்னபடியே, பலமுறை பட்டறைக்குப் போனோம், பூட்டிக் கிடந்தது என்றது இலாகா. போனது யார் என்று நீதிபதிகளில் ஒருவர் கேட்டார். ஊழியர்கள் என்றார்கள். பெயர் உண்டா, அவர்கள் எழுதிக்கொடுத்தது உண்டா என்று கேட்டு, அடுத்த தடவை கொண்டுவரச் சொன்னார்.

அந்த அடுத்த தடவைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், டிரைவர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"சாட்சி சொல்ல எனக்குத் தைரியம் இல்ல தங்கச்சி. ஆனா நான் தேடிப் போனேன், ஆள் இல்லன்னு எழுதித் தரச் சொன்னாங்க. கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன்."

"ஏன்னு கேக்கலையா அண்ணே?"

"கேட்டாங்க. நான் போகலையேன்னு சொன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல."

இலாகாவில் மற்ற யாரும் போனதாகச் சொல்ல முன்வரவில்லை. போகாத இடத்துக்குப் போனதாகக் கோர்ட்டில் எழுதிக்கொடுக்க, எல்லாருக்கும் உள்ளூர ஒரு பயம். அடுத்த தடவை அரசு வக்கீல் வெறுங்கையோடு வந்து இன்னும் அவகாசம் கேட்டார். நீதிபதிகள் கொடுக்கவில்லை. உத்தரவுக்கும் கைதுக்கும் நடுவில் இத்தனை மாத இடைவெளி, அதற்குச் சரியான விளக்கம் இல்லை, காவல் செல்லாது என்று சொன்னார்கள். கடத்தல் கேஸ் அதன் வழியில் தனியாக நடக்கும் என்றும் சொன்னார்கள். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை வக்கீல் அவள் கையைப் பிடித்து அழுத்திப் புரிய வைத்தார்.

டிரைவருக்கு வேலை போகவில்லை. கடலே கண்ணில் படாத ஓர் ஆபீஸுக்கு மாற்றிவிட்டார்கள். மெக்கானிக் வெளியே வந்ததும் முதலில் அந்த வீட்டுக்குத்தான் போனார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று அவள் கேட்டதற்கு, "ஒண்ணும் பேசல, டீ குடிச்சோம்" என்றார்.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்த பிறகுதான், இத்தனை நாள் அவள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள். யாருக்காகவும் இல்லை, எனக்குத் தெரியணும் என்றாள். அந்த வெற்றிடம் எதற்கென்று அவருக்குத் தெரியுமா?

"தெரியாது. சந்தேகம் வந்துச்சு. வேலை போயிடுமேன்னு கேக்கல."

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இத கோர்ட்டுல போய்ச் சொல்லுங்க. இதுவரைக்கும் அங்க உங்கள யாரும் ஒண்ணும் கேக்கல. அந்தக் கேஸ்ல கேப்பாங்க."

"சொல்லித் தண்டனை வந்தா?"

"வந்தா எதுக்குன்னு தெரியும். எத்தனை நாளுன்னும் தெரியும். நான் பாத்துக்கறேன்."

அவர் சரி என்று தலையாட்டினார். மறுநாள் காலையில் இரண்டு பேரும் வக்கீல் அறைக்குப் போனார்கள். படியில் அவள் முன்னால் ஏறினாலும், உள்ளே போனதும் பேச ஆரம்பித்தது அவர்தான்.