மானின் நோயும் என் வலது கையும்

கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த என் தம்பி, சாக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் ஒரு பொட்டலம் மான் இறைச்சி வத்தலை ஒளித்துக்கொண்டு வந்திருந்தான். அவனே சுட்ட மான். இலையுதிர் காலத்தில் கூட வேலை செய்கிற நாலு பேரோடு அனுமதிப் பத்திரம் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவான். வருஷம் முழுக்கப் பனியைத் தள்ளிக்கொண்டிருப்பவனுக்கு, மனிதர்களோடு வாய்விட்டுப் பேசக் கிடைக்கிற ஒரே வாரம் அது.

அவன் திரும்பிப் போன பிறகு, கொறக்காப் புளி போட்டுக் கறுப்பாகக் கறி வைத்து, நான் ஒருவனே தின்று தீர்த்தேன். பங்குக்கு ஆளில்லை. மகளின் பிரசவத்துக்கென்று மனைவி மெல்பேர்ன் போனாள். பேரனுக்குப் பல் முளைத்தது, நடந்தான், இப்போது பாலர் பாடசாலைக்கும் போகிறான். அவள் இன்னும் பிரசவத்துக்குத்தான் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டார் சைவம். மிச்சம் இருந்தது, நான் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் நண்பர் மட்டும். முறைப்படி அறுக்காததை அவர் தொடமாட்டார்.

நானா கண்டிக்குப் பக்கத்திலுள்ள மடவளைக்காரர். கண்டி நகரத்தில் ஏலம், கராம்பு, சாதிக்காய் விற்கிறார். முஸ்லிம் கடைகளை எரித்த கலவரத்தில் எரிந்து, மறுபடி எழுப்பிய கடை. கந்தோர் வேலை முடிந்ததும் நான் போய் உட்காருகிற ஒரே இடம் அவருடைய கடை. என்னைத் ‘தொர’ என்பார். எனக்குத் துரைத்தனம் இல்லை என்பதுதான் அதிலுள்ள பகிடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிட்டான்.

“அண்ணே, அந்த வத்தல் மிச்சம் இருக்கா?”

“மிச்சமா? பொட்டலத்தையே நக்கிட்டேன்.”

தம்பி மெதுவாகச் சொன்னான். அங்கே மான்களுக்கு ஒரு நோய் பரவுகிறது. மூளை கெட்டு, உடம்பு உருகி, எலும்பும் தோலுமாகிச் சாகும். சுட்ட மானின் தலையை வெட்டிச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். முடிவு வரும்வரை இறைச்சியைத் தொடக்கூடாது என்பது அறிவுரை. கூட்டாளி ஒருவன் சுட்ட மானுக்கு நோய் இருப்பதாக முடிவு வந்துவிட்டது. இவனுடையது இன்னும் வரவில்லை.

“ஒனக்குக் கொண்டாந்து தரணும்னு அவசரப்பட்டுட்டேன்ணே.”

“பரவாயில்ல. தின்னதுக்குப் பொறகு சொன்னியே, ருசி கெடல.”

பகிடி விட்டுவிட்டு, போனை வைத்ததும் இணையத்தில் தேடினேன். மனிதருக்கு இது வந்ததாக இதுவரை நிரூபணமில்லை என்று எழுதியிருந்தது. அந்த வரியை வேகமாகத் தாண்டினேன். பயப்படுவதற்கென்றே உட்கார்ந்தவனுக்கு அது ஓர் இடைஞ்சல். கொதிக்க வைத்தாலும் கிருமி போல் சாகாது, எச்சிலாலும் மானுக்கு மான் தொற்றும் என்ற வரிகளை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பிறகு குணங்குறிகள். மெலிவு: கால்சட்டையைப் பிடித்தேன், இடுப்பில் நிற்கவில்லை. காது தொங்கும்: கண்ணாடியில் பார்த்தேன், இடது காது சந்தேகமாகத்தான் இருந்தது. மனிதரைக் கண்டு பயப்படாது: போன வாரம் மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசியிருந்தேன். மந்தையை விட்டு விலகித் தனியே நிற்கும். இதைப் படித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கதிரை, அலுமாரி, நான். சோதனையே தேவையில்லை என்று பட்டது.

அதற்கடுத்த வாரம் நானாவின் மகளுக்குக் கல்யாணம். மடவளையில் வீட்டு முற்றத்தில் பந்தல், பாய் விரித்துச் சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டு நிறையச் சோறும் இறைச்சியும் நடுவில் வைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். நானா என்னைத் தன் சொந்தச் சஹனில், பக்கத்திலேயே உட்கார்த்தினார். எதிரே அவருடைய சம்பந்தி. கைகழுவத் தண்ணீரும் வந்துவிட்டது.

ஆறு பேரின் எச்சில். எனக்கு அதுதான் ஓடியது. மாப்பிள்ளையின் தகப்பனைக் கல்யாணத்தன்றே மானாக்கிவிடப் போகிறேன்.

“நானா, நான் இன்னைக்கு விரதம்.”

வேறு எந்தப் பொய்யும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. வெள்ளிக்கிழமை அவர் கடையில் இருந்துகொண்டே பக்கத்துக் கடை இறைச்சிக் கொத்துரொட்டியைத் தின்கிறவன் நான். அவர் என் முகத்தைப் பார்த்தார். வற்புறுத்தவில்லை. ஒரு கதிரை வந்தது, சோடாவும் வாழைப்பழமும் வந்தன. ஐந்து பேர் குனிந்து சாப்பிடுவதை மேலேயிருந்து பார்த்துக்கொண்டு, நான் பழத்தை உரித்தேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். “வாங்க சேர்,” என்றார். ‘தொர’ போய்விட்டது. பிளேன்டீ வந்தது. கடையில் யாவாரம், ஊரில் மழை என்று மரியாதையாக இரண்டு வார்த்தை. அடுத்த நாளும் சேர். அதற்கடுத்த நாள் போகவில்லை. கந்தோர் விட்டு வாவியைச் சுற்றி நடந்தேன். வீட்டுக்கு வந்து பேக்கரிப் பாணைப் பருப்பில் தோய்த்துத் தின்றேன். நோய் வந்து சாவதைவிட, அந்த ஆள் வாயால் சேர் என்று கேட்டுக்கொண்டு உயிரோடிருப்பதுதான் பயங்கரமாகத் தோன்றியது. வெள்ளிக்கிழமை மத்தியானம், அவர் தொழுகை முடிந்து கடைக்குத் திரும்பியதும், முடிவு வராமலே, போய் உண்மையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. காதைக்கூடக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை.

“இத ஏன் அன்னைக்கே செல்லல்ல?”

“கல்யாண வீட்டுல எப்படிச் சொல்றது நானா?”

“விரதம்னு செல்ல மட்டும் ஏலுமா?” கராம்பு ஒட்டிய கையைத் தட்டிக்கொண்டார். “கடைய எரிச்சவன்கள்ட மொகம் எனக்கு மறந்து பெய்த்து. அதுக்குப் பொறகு கைய இழுத்துக்கொண்டவங்கட மொகம்தான் மறக்கல்ல. அதுல ஒங்கட மொகமும் ஒண்டுன்னு நெனச்சேன்.”

“அப்படி இல்ல நானா,” என்றேன்.

அவர் உள்ளே போய், வீட்டிலிருந்து வந்த சோற்றை ஒரு தட்டில் கொட்டி மேசையில் வைத்தார்.

“வைங்க கைய.”

“நானா, முடிவு வரல்ல.”

“வரட்டும்.”

மின்சாரக் கம்பியைத் தொடுகிறவன்போல் ஓரத்தில் விரல் வைத்துப் பிசைந்தேன். அவர் கையை நீட்டி, சரியாக நான் பிசைந்த இடத்திலிருந்தே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். மென்று விழுங்கியபிறகு சொன்னார்: “மானுக்குத்தானே அந்த நோய். நீங்க எரும.”

நானும் சாப்பிட்டேன். வீட்டில் என்ன தின்கிறேன் என்று கேட்டார். பாணும் பருப்பும் என்றேன். “அப்ப கால்சட்டை எப்பிடி நிக்கும்?” என்று மீன் துண்டை என் பக்கம் தள்ளினார்.

சில நாள் கழித்துத் தம்பி கூப்பிட்டான். அவன் மானுக்கு நோய் இல்லை. ஆனாலும் வருகிற இலையுதிர் காலத்துக்கு வேட்டை இல்லை என்றான். ஒருவன் துப்பாக்கியை விற்றுவிட்டான். இன்னொருவன் மனைவி அந்த இறைச்சியை வீட்டுக்குள் விடமாட்டாள். மற்றவர்களும் ஏதோ சாக்கு.

“அப்ப அந்த வாரம் என்ன செய்வ?”

“லீவு எடுத்தாச்சு. தூங்க வேண்டியதுதான்.” பிறகு கேட்டான். “நீ ஒழுங்கா சாப்பிடுறியா?”

“மத்தியானம் நானா கடையில. ரெண்டு பேரும் ஒரே தட்டுல.”

அவன் பனி தள்ளும் வண்டியின் எஞ்சினை நிறுத்துவது கேட்டது.

“என்ன கறிண்ணே இன்னைக்கு?”

சொன்னேன். ஒவ்வொரு கறியாக, அவசரப்படாமல், உப்பு எப்படி, புளி எப்படி என்று சேர்த்தே சொன்னேன்.