கம்ப்யூட்டர் அணைந்த பிறகுதான் ஏசி

கொரட்டூரில் நாங்கள் குடியிருக்கும் ஃப்ளாட்டின் படுக்கையறையில் ஏசியும் கம்ப்யூட்டரும் ஒன்றாக ஓடக் கூடாது. ஓடினால் டிரிப் ஆகி மொத்த வீட்டுக்கும் கரண்ட் போய்விடும். ஒயரை மாற்றித் தருவதாக வீட்டு ஓனர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நல்ல மனிதர், சொல்வதை மட்டும் நிறுத்தியதே இல்லை. ஆகவே மே மாத ஞாயிறு மதியம் என் மனைவி தூங்க வேண்டுமென்றால், முதலில் என் கம்ப்யூட்டர் அணைய வேண்டும். வாரம் முழுக்க எக்ஸ்போர்ட் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். அந்த ஒரு மதியத் தூக்கத்தை நம்பித்தான் மற்ற நாட்களைத் தள்ளுகிறாள்.

அன்று அவள் தம்பி சேக்காட்டிலிருந்து சாப்பிட வந்திருந்தான். ஐடியில் வேலை. எனக்கும் அவனுக்கும் ஒரே ஒரு பகைதான்: விண்டோஸுக்குப் பதிலாக நாங்கள் வைத்திருக்கும் லினக்ஸில் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டு, அணைக்கும்போது எல்லாவற்றையும் படுக்க வைக்கிற தலைமை நிரல்களில் எது உசத்தி? எனக்குப் பழைய இனிட். அவனுக்குப் புதிய சிஸ்டம்டி. என் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுக் கொடுத்ததே அவன்தான். அதனால் எது கெட்டாலும் எனக்குச் சந்தோஷம்.

சாப்பிட்டுவிட்டு ஷட்டவுன் கொடுத்தேன். ஏதோ ஒரு வேலை இன்னும் நிற்கவில்லை, காத்திருக்கிறேன் என்று திரையில் காட்டிவிட்டு, ஒன்றரை நிமிடத்துக்கு எண்ண ஆரம்பித்தது. மனைவி ரிமோட்டும் கையுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா மச்சான், உன் சிஸ்டம்டி லட்சணத்த?" என்றேன்.

"அத்த இன்னாத்துக்கு மாமா திட்ற? எது நிக்கலன்னு லாக்ல பாத்துடலாம்."

லாக் என்கிற அந்தப் பதிவேட்டைப் பார்க்கக் கம்ப்யூட்டரை மறுபடி போட வேண்டும். போட்டோம். எதையோ மாற்றினோம், அணைத்தோம். மறுபடி ஒன்றரை நிமிடம். மறுபடி போட்டோம். ஒவ்வொரு முறையும் அவள் ரிமோட்டைத் தூக்கினாள், இறக்கினாள்.

"இன்னாங்க, ஆச்சா?"

"இதோ ஆயிடுச்சு."

கடைசியில் குற்றவாளி அகப்பட்டது. போன வாரம் மச்சான் போட்டுவிட்ட பேக்கப். அணையும் முன் எங்கள் ஃபோட்டோக்களை அவன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு காப்பி அனுப்பும். அவனோ சாப்பிட வரும் அவசரத்தில் அந்தக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்திருந்தான். பூட்டிய வீட்டுக் கதவை என் கம்ப்யூட்டர் இத்தனை நேரமும் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அவன் அசரவில்லை. "சிஸ்டம்டி ஒன்றர நிமிசத்துல வுட்டுச்சு மாமா. உன் பழசா இருந்தா சாயங்காலம் வரைக்கும் தட்டிகினே கெடக்கும்."

அது உண்மை என்பதுதான் எனக்கு எரிச்சல். "வாய்ல சொல்லாத, போட்டுக் காட்டு" என்றேன்.

"பழைய இனிட் வெச்ச லினக்ஸு இதுல கீது. அர மணி நேரந்தான்" என்று பாக்கெட்டிலிருந்து பென்டிரைவை எடுத்தான்.

மனைவி எழுந்தாள். குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. ஏசியைப் போட்டு, எங்கள் இருவரையும் வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டாள்.

ஹாலில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்தோம். "மாமா, அக்கா பண்ணது தப்பு. டிஸ்க் பூடும்" என்று கிசுகிசுத்தான்.

"ரொம்பத் தப்பு" என்றேன். இத்தனை வருடத்தில் நாங்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

"இன்னாடா தப்பு?" உள்ளேயிருந்து குரல் வந்தது. "கதவத் தொறக்கறேன், ரெண்டு பேரும் வந்து சொல்லுங்க."

நான் எழுந்து போய் ஃபேனை ஐந்தில் வைத்தேன்.