இரும்பு பிளேடும் மாதேஷண்ணனோட மீதிக் கண்ணும்

பிளேடு விக்கிற கடையில உக்காந்தா ஒரு பழக்கம் ஒட்டிக்கும்: உள்ள வர்ற ஆளோட மூஞ்சியைப் பாக்குறதுக்கு முன்னாடி கை விரலைப் பாப்போம். பாலக்கோட்டுல பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல எங்க டூல்ஸ் கடை. கல்லாவுல நான். பின்னாடி மெஷினைப் பிரிச்சுப் போட்டு சர்வீஸ் பண்றவரு என் வூட்டுக்காரர். எனக்கு வாய் நீளம்னு ஊருக்கே தெரியும். என்ன பண்றது, இந்தத் தொழில்ல நமக்கு வாய் நீளமா இல்லேன்னா வர்றவங்களுக்கு விரல் நீளம் குறைஞ்சுபோகும். எங்களை மாதிரி ஹார்டுவேர் கடை வச்சுக்கிட்டு, சொன்னதையே சொல்லித் தொண்டை வத்திக் கிடக்கிற அண்ணன் தம்பிங்களே, அக்கா தங்கச்சிங்களே, உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போறதில்லை. சேர்ந்து உக்காந்து ஒரு பெருமூச்சு விடலாம்னுதான்.

ஓட்டை பொருந்தினா போதும்

மாரண்டஹள்ளிப் பக்கத்துல இருந்து ஒரு தக்காளிக்காரர் வந்தாரு. நாத்துக்கு நிழல் வலை கட்டணும், ஜி.ஐ. பைப் அறுக்கணும். மரம் அறுக்கிற கை மெஷினைத் தூக்கிட்டு வந்து கல்லா மேல டொம்முனு வச்சு, "இதுக்கு இரும்பு பிளேடு ஒண்ணு குடுங்க"ன்னாரு. ஏங்க, இது மரத்துக்குன்னு செஞ்ச மெஷின், வேகம் ஜாஸ்தி. இரும்பு அறுக்கிற பிளேடுல பாதி, மெதுவாச் சுத்துற மெஷினுக்குன்னு செஞ்சது. அதைக் கொண்டாந்து இதுல மாட்டினா தாங்காது, பல்லு தெறிக்கும். பிளேடு மேலயே போட்டிருப்பான், நிமிஷத்துக்கு அதிகபட்சம் இத்தனை சுத்துன்னு. மெஷின் மேலயும் அதோட வேகம் போட்டிருக்கும். பிளேடு தாங்குற வேகம் மெஷின் ஓடுற வேகத்தைவிடக் கூட இருக்கணும், அதைப் பாத்துதான் வாங்கணும்னு மூச்சு விடாம சொன்னேன்.

அவரு அதெல்லாம் காதுல வாங்கின மாதிரியே தெரியலை. தொங்க விட்டிருந்த பிளேடு ஒண்ணை எடுத்து, நடு ஓட்டையை மெஷின்ல வச்சுப் பாத்தாரு. மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். "ஓட்டைதான் கரெக்டா உக்காருதே, அப்புறம் எதுக்குங்க இவ்ளோ பேச்சு?"

மாதேஷண்ணன்

இந்த மாதிரி ஓட்டையைப் பாத்து மாட்டினவருதான் மாதேஷண்ணன். பென்னாகரம் ரோட்டுல தகரக் கொட்டகை போட்டு வாசல் நிலை, கதவு, ஜன்னல் செய்யற ஆசாரி. வேலை சுத்தம். இப்பெல்லாம் வூடு கட்டறவங்க ஜன்னல் சட்டத்துக்கு ஸ்கொயர் பைப்பும் கேக்கறாங்க, அதுக்கு மேல பலகையும் கேக்கறாங்க. பைப் அறுக்க வெல்டிங் பட்டறைக்கு அலையணும். அலையறதுக்கு அலுப்புப்பட்டு, வாரச் சந்தையில தார்ப்பாய் மேல கொட்டி வச்சு விக்கிறவன்கிட்ட ஒரு கட்டிங் வீல் வாங்கியிருக்காரு. பல்லு இல்லாம, கல்லு மாதிரி இருக்கும் பாருங்க, அது. தன்னோட மரம் அறுக்கிற மெஷின்ல, பிளேடை மறைக்கிற மூடி இடிக்குதுன்னு மூடியைக் கழட்டிட்டு வீலை மாட்டியிருக்காரு. பைப்பைக் கால்ல மிதிச்சுக்கிட்டு அறுத்திருக்காரு. பைப் லேசாத் திரும்புச்சு, வீல் நெருக்கிப் பிடிச்சு வெடிச்சுது. ஒரு துண்டு இடது கண்ணுக்குள்ள.

ஆஸ்பத்திரியில தையல் போட்டாங்க. பார்வை திரும்பலை. அதுக்கப்புறம் முதல் தடவை கடைக்கு வந்தப்ப எனக்கு அவரு மூஞ்சியைப் பாக்கத் தெம்பில்லை, பிளேடு பாக்கெட்டை அடுக்கற மாதிரி குனிஞ்சுகிட்டேன். அவருதான் பேசினாரு. "பலகை கோணலா நேரான்னு பாக்க எப்பவும் ஒரு கண்ணை மூடிக்கத்தானே செய்யறோம், இனி மூடுற வேலை மிச்சம்க்கா."

சரசு வந்தா

அவரு சம்சாரம் சரசு ஒரு நாள் தனியா வந்தா. தக்காளி மார்க்கெட்ல தரம் பிரிக்கற வேலை அவளுக்கு, நேரா அங்கிருந்தே வந்திருந்தா. "அவரு வந்து இரும்பு பிளேடு கேட்டா இல்லைன்னு சொல்லிருங்கக்கா"ன்னா. நான் எடுத்துச் சொன்னேன்: நான் இல்லைன்னா மறுபடி அந்தத் தார்ப்பாய்க்காரன்கிட்டத்தான் போவாரு, சரசு. வேலை அவரை விடாது. அதுக்குப் பதிலா, சரியான பிளேடைக் குடுத்து, சரியா மாட்டச் சொல்லிக் குடுத்து அனுப்பறேன். அவருக்கு இருக்கிற கண்ணுக்கு நான் பொறுப்புன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. பொறுப்புன்னு சொல்ல நான் யாரு?

சரசு அழலை. அழுதிருந்தா தேவலைன்னு இருந்துச்சு. போறப்ப வாசப்படியில நின்னு சொன்னா. "அந்த ஒரு கண்ணுலதாங்கக்கா எங்க வூட்டுல நாலு பேரும் பாக்குறோம்."

சோடனை

சொன்ன மாதிரியே அவரைக் கடைக்குப் பின்னாடி உக்கார வச்சோம். என் வூட்டுக்காரர் பேச்சு கம்மி, ஆனா மெஷின் விஷயத்துல மட்டும் பள்ளிக்கூட வாத்தியார். கட்டிங் வீல் இந்த மெஷினுக்கு ஆகவே ஆகாது, தூக்கிப் போடு. இரும்புக்குன்னே பல்லு வச்ச பிளேடு, உன் மெஷின் வேகத்தைத் தாங்குறது, இதுதான். பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் பிளேடு மாத்தணும். கழட்டின மூடியை மறுபடி மாட்டு, அது தானாத் திரும்பி மூடுதான்னு கையால தள்ளிப் பாரு. மரத்தூள் பையைக் கழட்டிரு, மெஷின்ல ஒட்டியிருக்கிற தூளைத் தட்டு, கீழ கிடக்கிறதைக் கூட்டு, ஒரு பொறி விழுந்தா கொட்டகையே போயிரும். பைப்பை மிதிக்காதே, கிளாம்ப் போட்டு இறுக்கு. பிளேடுக்கு நேரா நிக்காதே, தள்ளி நில்லு. முழு வேகம் வந்தப்புறம் மெதுவா இறக்கு, அமுக்காதே. கண்ணாடி போட்டு, அதுக்கு மேல முகம் பூரா மறைக்கிற ஷீல்டு.

அத்தனையும் கேட்டுக்கிட்டாரு. கேட்டது மட்டுமில்லை, செஞ்சாரு. நான் அந்தப் பக்கம் போறப்பெல்லாம் கொட்டகையில எட்டிப் பாப்பேன். ஒரு தடவைகூட ஷீல்டு இல்லாம அவரைப் பாக்கலை. என் வாய் ஜெயிச்ச ஒரே கேஸ் இதுன்னு எனக்குப் பெருமை தாங்கலை. முதல் நாள் எங்க கடையில எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு நின்னு அவரு சொன்னது இன்னும் ஞாபகம் இருக்குது. "பொண்ணு பாக்கப் போனப்பகூட எனக்கு இவ்ளோ சோடனை நடக்கலைக்கா."

மங்கல்

சில மாசம் கழிச்சு வந்து, "ஷீல்டு மங்கிப் போச்சுக்கா, வேற குடுங்க"ன்னாரு. இரும்புத் தூள் பட்டுப் பட்டு ஷீல்டு கீறும், கீறினா வெள்ளையா மங்கும். நம்ம கடைக்கு வர்ற எல்லாரும் சொல்றதுதானே. புதுசு எடுத்துக் குடுத்தேன். கொஞ்ச நாள்ல மறுபடி வந்தாரு. புதுசும் மங்கலாம், வெயில் பட்டா கண்ணைக் கூசுதாம். கம்பெனிக்காரன் ஏமாத்தறான்னு நான் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துட்டு ஷீல்டை வாங்கிப் பாத்தேன். ஒரு கீறல் இல்லை. கண்ணாடி மாதிரி தெளிவா இருக்குது.

அண்ணா, இப்படி வாங்கன்னு வாசலுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஷீல்டு என் கையில. எதிர்ல தருமபுரி பஸ் நிக்குது, முன்னாடி போர்டு, குழந்தைகூடப் படிக்கும், அவ்ளோ பெரிய எழுத்து. அந்த பஸ் எங்க போகுதுன்னு படிங்கண்ணான்னேன். நெத்தியில கையை வச்சு வெயிலை மறைச்சுக்கிட்டு உத்துப் பாத்தாரு. கண்ணு செவந்து தண்ணி தண்ணியா ஊத்துது. "அந்த பஸ்ஸுல போர்டே மாட்டலையேக்கா."

சேலத்துல சொன்னது

அன்னைக்கே சரசுவை மார்க்கெட்ல இருந்து வரச் சொல்லி, என் வூட்டுக்காரரே சேலம் கண்ணாஸ்பத்திரிக்குக் கூடப் போனாரு. தொப்பூர்ல எங்கயோ லாரி கவுந்து வண்டியெல்லாம் நின்னு, சேலம் போய்ச் சேர்றதுக்குள்ள உசுரு போய் உசுரு வந்துச்சுன்னு வந்து சொன்னாரு. கண் டாக்டர் பாத்துட்டுச் சொன்னது இதுதான்: ஒரு கண்ணு உள்வரைக்கும் கிழிஞ்சா, எப்பவாவது சிலருக்கு உடம்பே நல்லா இருக்கிற கண்ணையும் தாக்க ஆரம்பிக்குமாம். கூசும், செவக்கும், மங்கும். கூச ஆரம்பிச்சதுமே வந்திருந்தா மருந்துலயே பெரும்பாலும் காப்பாத்தியிருக்கலாமாம். தையல் பிரிச்சப்பவே மாசாமாசம் வந்து காட்டுன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. புண்ணு ஆறிருச்சேன்னு இவரு போகலை. மங்கறப்பெல்லாம் கண்ணை விட்டுட்டு ஷீல்டை மாத்திக்கிட்டு இருந்திருக்கோம், அவரும் நானும்.

மருந்து குடுத்தாங்க, ஊசி போட்டாங்க. மிஞ்சினது வெளிச்சம், நிழல், அவ்வளவுதான். எதிர்ல ஆள் நிக்கறது தெரியும், யாருன்னு தெரியாது. நான் கல்லாவுல உக்காந்து வாய் விட்டு அழுதேன், வந்த ஆளுங்க திரும்பிப் போனாங்க. இரும்பு அவரை ஒண்ணும் பண்ணலைங்க. ஒரு துகள்கூட அந்தக் கண்ணைத் தொடலை. சரசு வந்து என் பக்கத்துல உக்காந்து, யாரையும் குத்தம் சொல்லாத குரல்ல சொன்னா. "மூடி மூடி வச்ச கண்ணுதாங்கக்கா போச்சு."

மெஷின் கை மாறுச்சு

போன மாசம் ரெண்டு பேரும் வந்தாங்க. மெஷினைக் குடுத்துடறதுன்னு முடிவு. சரசு அதைத் துணியில சுத்தி இடுப்புல வச்சுத் தூக்கிட்டு வந்தா. மாதேஷண்ணன் அவ தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்து ஸ்டூல்ல உக்காந்தாரு. அந்த நேரம் பாத்துக் காரிமங்கலத்துல இருந்து ஒரு ஆளு பழைய மெஷின் கேட்டு வந்து நின்னாரு. எடுத்துப் பாத்தாரு. மூடியைத் தள்ளினாரு, டக்குனு திரும்பி மூடுச்சு. காத்துப் போற ஓட்டையை ஊதிப் பாத்தாரு, பொட்டுத் தூள் இல்லை. வயர்ல ஒரு வெட்டு இல்லை.

ஸ்டூல்ல உக்காந்திருக்கறவருதான் ஓனர்னு அந்த ஆளுக்குத் தெரியாது. சொல்லவும் எனக்கு வாய் வரலை. நீளமான வாயாம், நீளமான வாய். வாங்க வந்த ஆளு மெஷினை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்துட்டு என்கிட்டக் கேட்டாரு: "இவ்ளோ பத்திரமா வச்சிருந்த மனுஷன் இதை ஏங்க விக்கிறாரு?"

எங்க கடையில கண்ணாடி இருக்குது, ஷீல்டு இருக்குது, எந்த மெஷினுக்கு எந்த பிளேடுன்னு சொல்ல ஆளும் இருக்குது, கண்ணு மங்கினா முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்ற ஒண்ணை மட்டும் நாங்க இத்தனை நாளா ஸ்டாக் வைக்கலைங்க.